இத்தாலியின் அதிகம் அறியப்படாத திராட்சைகள்: சுவைக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

இத்தாலிய ஒயின் என்று கேட்டால் கடையில் கைக்கு முதலில் வருவது நாலைந்து பெயர்கள்தான். கியாந்தி, புரோசெக்கோ, பினோ கிரீஜோ. கொஞ்சம் செலவழிக்கத் தயார் என்றால் பரோலோ. இவற்றில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் இத்தாலியில் நூற்றுக்கணக்கான நாட்டுத் திராட்சை ரகங்கள் இருக்கின்றன. பல ரகங்கள் ஒரு பள்ளத்தாக்கையோ நான்கு ஊர்களையோ தாண்டி வளர்வதே இல்லை. அவற்றின் சுவை வேறெங்கும் கிடைக்காது. இந்தக் கட்டுரை அவற்றைத் தேடிச் சுவைக்க விரும்புகிறவர்களுக்கு. ஒயினே புதிது என்பவர்களும் இங்கிருந்தே தொடங்கலாம். பழகிய சுவை எதுவும் நாக்கில் இல்லாதது இந்த விஷயத்தில் நல்லதுதான்.

நான் சொல்லும் முறைக்கு அடிப்படை ஒன்றே. தெரியாத திராட்சையை ஒருபோதும் தனியாகச் சுவைக்காதீர்கள். இரண்டு கிளாஸ் அருகருகே வேண்டும். இரண்டுக்கும் ஏதாவது ஒன்று பொதுவாக இருக்க வேண்டும், ஏதாவது ஒன்று மாற வேண்டும். ஒரே ஊர், வேறு திராட்சை. அல்லது ஒரே வாசனை, வேறு ஊர். அல்லது ஒரே திராட்சை, வேறு செய்முறை. தனியாக ஒன்றைக் குடித்தால் "நன்றாக இருக்கிறது" அல்லது "பிடிக்கவில்லை" என்பதோடு நின்றுவிடுவோம். பக்கத்தில் இன்னொன்று இருந்தால்தான் எது புளிப்பு, எது துவர்ப்பு, எது கனம் என்று நாக்கு பிரித்துப் பார்க்கிறது.

இந்த ரகங்கள் ஏன் ஒதுங்கிப்போயின என்பதை முதலில் தெரிந்துகொண்டால் சுவைப்பதற்கும் உதவும். 1879-ல் ஃபைலாக்ஸிரா என்ற வேர்ப்பூச்சி இத்தாலிக்குள் நுழைந்தது. பழைய தோட்டங்கள் அடுத்தடுத்துப் பட்டுப்போயின. மறுபடி நடும்போது விவசாயிகள் நிறையக் காய்க்கிற, எளிதில் நோய் தாக்காத ரகங்களையே நட்டார்கள். பிறகு இரண்டு உலகப் போர்கள். அதற்கும் பிறகு கிராமத்தை விட்டு ஆலை வேலைக்குப் போனவர்கள். குறைவாகக் காய்க்கிற, பூ உதிர்கிற, சீராகப் பழுக்காத ரகங்கள் தோட்டத்து ஓரத்தில் சில வரிசைகளாகச் சுருங்கின. இன்று அவை நமக்குக் கிடைக்கின்றன என்றால், யாரோ ஒருவர் அந்தக் கொடியைப் பிடுங்க மனம் வராமல் விட்டுவைத்தார் என்று பொருள்.

படி 1: மலிவான ஒரு ஜோடியில் தொடங்குங்கள்

முதல் ஜோடிக்கு நான் எப்போதும் சொல்வது மோதெனா நகரைச் சுற்றி விளையும் லாம்புருஸ்கோ. லாம்புருஸ்கோ என்பது ஒரு திராட்சையின் பெயர் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு குடும்பம். அதில் சோர்பாரா ஒன்று, கிராஸ்பரோஸா ஒன்று வாங்குங்கள். இரண்டும் சிவப்புத் திராட்சை, இரண்டும் நுரைக்கும், இரண்டும் ஒரே மாவட்டம், விலையும் கைக்கு அடக்கம். லேபிளில் இரண்டிலும் "செக்கோ" என்று இருக்கிறதா பாருங்கள். இனிப்பில்லாதது என்பதன் அடையாளம் அது. "அமாபிலே" என்றால் ஓரளவு இனிப்பு, "டோல்சே" என்றால் முழு இனிப்பு. ஒன்று இனிப்பாகவும் மற்றது இனிப்பில்லாமலும் இருந்தால் திராட்சைகளின் வித்தியாசம் அந்தச் சர்க்கரைக்குள் மறைந்துபோகும்.

ஊற்றியதுமே வித்தியாசம் கண்ணில் படும். சோர்பாரா வெளிறிய ரோஜா நிறம், சில சமயம் மாதுளை முத்தின் நிறம். கிராஸ்பரோஸா கருஊதா, நுரைகூட ஊதாவாகவே எழும். வாயில் சோர்பாரா கூர்மையான புளிப்போடு ஓடிவிடும். கிராஸ்பரோஸா மெல்ல நகர்ந்து, ஈறுகளில் லேசான துவர்ப்பை விட்டுப் போகும். சோர்பாரா கொடிக்கு ஒரு சங்கடம் உண்டு: அதன் பூவின் மகரந்தத்தால் காய் பிடிக்காது. பக்கத்து வரிசையில் சலமீனோ என்ற உறவுக்கார ரகத்தை நட்டு, அதிலிருந்து மகரந்தம் வந்தால்தான் பழம் வரும். அப்போதும் கொத்துகள் இடைவெளி விட்டுத்தான் காய்க்கும். இவ்வளவு சிரமத்தோடும் அதை விடாமல் வளர்த்து வந்திருக்கிறார்கள் அந்த ஊர்க்காரர்கள்.

படி 2: லேபிளில் ஏமாறாமல் இருங்கள்

இத்தாலிய லேபிள்களில் சில இடத்தில் திராட்சையின் பெயர் இருக்கும், சில இடத்தில் ஊரின் பெயர் மட்டும், சில இடத்தில் இரண்டும். புதிதாக வருகிறவர்கள் வழக்கமாகச் சறுக்கும் மூன்று இடங்களைச் சொல்லிவிடுகிறேன். மொந்தெபுல்ச்சானோ தப்ரூட்சோ என்றால் அப்ரூட்சோ பகுதியில் மொந்தெபுல்ச்சானோ திராட்சையில் செய்தது. வீனோ நோபிலே தி மொந்தெபுல்ச்சானோ என்றால் டஸ்கனியில் அதே பெயருள்ள ஊரில் பெரும்பாலும் சஞ்சோவேசே திராட்சையில் செய்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை. வெர்னாச்சா என்ற பெயரில் சான் ஜிமிஞ்யானோவில் ஒரு வெள்ளை, சார்தீனியாவின் ஒரிஸ்தானோவில் இன்னொரு வெள்ளை, மார்க்கே பகுதியின் செர்ராபெத்ரோனாவில் நுரைக்கும் சிவப்பு, மூன்றும் வேறுவேறு. லாக்ரிமா தி மோர்ரோ தால்பா என்ற பெயரைப் பார்த்துவிட்டு, பரோலோ விளையும் ஆல்பா வட்டாரத்துச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். அது அட்ரியாட்டிக் கடலோரம் அங்கோனாவுக்கு அருகே விளைகிறது.

டிஓசி, டிஓசிஜி, ஐஜிடி என்ற எழுத்துகள் எங்கே, எந்த விதிப்படி செய்தது என்பதைச் சொல்கின்றன. டிஓசிஜி பாட்டிலின் கழுத்தில் எண் அச்சிட்ட அரசு முத்திரைப் பட்டை ஒட்டியிருக்கும். ஆனால் அது இல்லை என்பதற்காக ஒரு பாட்டிலை ஒதுக்கிவிடாதீர்கள். அரிய ரகங்களுக்குத் தனி டிஓசி விதியே இல்லாத இடங்களில் ஐஜிடி என்ற எளிய வகையில்தான் அவை விற்பனைக்கு வருகின்றன. ஐரோப்பிய விதிப்படி லேபிளில் ஒரு திராட்சையின் பெயரை மட்டும் போட வேண்டுமென்றால் ஒயினில் குறைந்தது 85 சதவீதம் அந்தத் திராட்சை இருந்தாக வேண்டும். எனவே திராட்சையின் பெயர் தெளிவாக எழுதியிருக்கும் பாட்டிலே கற்றுக்கொள்ள ஏற்றது.

லேபிளில் உள்ள அறுவடை ஆண்டையும் பாருங்கள். சோர்பாரா, பின்னால் வரும் ஃப்ரப்பாத்தோ போன்ற இலகுவானவை இளமையில் நன்றாக இருக்கும். அதே போலப் பின்னால் வரும் திமொராசோ, சக்ராந்தீனோ போன்றவற்றுக்கு வயது வேண்டும்.

படி 3: கிளாஸ், குளிர்ச்சி, வரிசை

மேலே குறுகிய, தண்டு வைத்த சாதாரண ஒயின் கிளாஸ் இரண்டு. இரண்டும் ஒரே அளவு. இது முக்கியம், கிளாஸ் மாறினால் வாசனையும் மாறும். ஒவ்வொன்றிலும் 50 மில்லி போதும். துப்புவதற்கு ஒரு குவளை, குடிக்கத் தண்ணீர், உப்பில்லாத ரொட்டி. துப்ப வெட்கப்பட வேண்டாம். ஒயின் பண்ணைகளில் செய்தவர்களே அப்படித்தான் சுவைக்கிறார்கள். ஆறு ஒயின்களை விழுங்கிக்கொண்டே போனால் நாலாவதில் மூக்கு வேலை செய்யாது. வெறும் வயிற்றில் உட்கார வேண்டாம்; வண்டி ஓட்டிக்கொண்டு வீடு திரும்புவதாகவும் திட்டம் போட வேண்டாம்.

குளிர்ச்சியில்தான் நம்மவர்கள் அதிகம் தவறுகிறார்கள். பிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு வெள்ளை ஒயினை ஊற்றினால் அது 4, 5 டிகிரியில் இருக்கும், வாசனை அடைபட்டுப்போகும். வெள்ளைக்கு 10 முதல் 12 டிகிரி, கனமான வெள்ளைக்கு 14 வரை. சிவப்பை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்ற பழைய பேச்சு ஐரோப்பாவின் குளிர்ந்த வீடுகளைப் பார்த்துச் சொன்னது. 30 டிகிரி அறையில் சிவப்பு ஒயின் ஆல்கஹால் நெடியைத்தான் தரும். இலகுவான சிவப்புகளை 14 டிகிரியிலும் கனமானவற்றை 16 முதல் 18 டிகிரியிலும் வைத்துச் சுவையுங்கள். சிவப்பை அரை மணி நேரம் பிரிட்ஜில் வைப்பதும், வெள்ளையை அரை மணி நேரம் முன்பே வெளியே எடுப்பதும் நடைமுறைக்குப் போதும்.

வரிசை: நுரைப்பது, இலகுவான வெள்ளை, கனமான வெள்ளை, இலகுவான சிவப்பு, துவர்ப்பான சிவப்பு, கடைசியில் இனிப்பு.

படி 4: மூக்குக்கு முன் வாயைப் பழக்குங்கள்

வழக்கமான பாடங்கள் முதலில் நிறம், பிறகு வாசனை, கடைசியில் சுவை என்று சொல்லித்தருகின்றன. தொடங்குகிறவர்களுக்கு நான் வாயிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன். வாசனைகளுக்குப் பெயர் சொல்லப் பழக்கம் வேண்டும். பெயர் வராவிட்டால் சோர்ந்துபோகிறோம். புளிப்பும் துவர்ப்பும் அப்படியல்ல. அறுசுவையில் வளர்ந்த நாக்குக்கு அவை இரண்டும் ஏற்கெனவே தெரியும்.

ஒரு வாய் எடுத்து, பல்லுக்கும் கன்னத்துக்கும் இடையில் பத்து விநாடி புரட்டித் துப்புங்கள். பிறகு வாயை மூடித் தலையைச் சற்றுக் குனியுங்கள். நாக்கின் அடியில் எச்சில் எவ்வளவு வேகமாக ஊறுகிறது? அதுதான் புளிப்பின் அளவு. இப்போது நாக்கு நுனியால் மேல் முன்பற்களுக்கு மேலே உள்ள ஈற்றைத் தடவுங்கள். வழுக்குகிறதா, சொரசொரக்கிறதா? சொரசொரப்புதான் டானின் எனப்படும் துவர்ப்பு. கடுக்காய் கடித்த வாய் போல இறுகும். திராட்சையின் தோலிலும் விதையிலும் காம்பிலும் இருக்கும் இந்தப் பொருள் எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால்தான் வாய் வறள்கிறது. புளிப்பு எச்சிலை வரவழைக்கும், துவர்ப்பு எச்சிலைப் பறிக்கும். இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

துவர்ப்பைப் படிக்க உம்பிரியா பகுதியின் மொந்தெஃபால்கோவுக்குப் போக வேண்டும். அங்கே விளையும் சக்ராந்தீனோ உலகிலேயே மிகத் துவர்ப்பான திராட்சைகளில் ஒன்று. முன்பு அதை வற்றலாக உலர்த்தி இனிப்பு ஒயினாகத்தான் செய்தார்கள்; ஈஸ்டர் விருந்துக்கு எடுத்து வைப்பார்கள். இனிப்பில்லாத சக்ராந்தீனோ பரவலானது 1970-களுக்குப் பிறகு. டிஓசிஜி கிடைத்தது 1992-ல். இன்றைய விதிப்படி மூன்று ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்துதான் விற்க முடியும். இதற்கு ஜோடி அதே ஊரின் மொந்தெஃபால்கோ ரோஸ்ஸோ. அதில் பெரும்பங்கு சஞ்சோவேசே. முதலில் ரோஸ்ஸோ, பிறகு சக்ராந்தீனோ. இரண்டாவதைத் துப்பிய பிறகு பேசவே ஒரு நிமிடம் ஆகும். அதன் பின் ஒரு துண்டு கெட்டிப் பாலாடைக்கட்டி சாப்பிட்டுவிட்டு மறுபடி ஒரு வாய் எடுங்கள். துவர்ப்பு பாதியாகக் குறைந்திருக்கும். எச்சிலின் புரதத்துக்குப் பதில் பாலின் புரதத்தோடு டானின் ஒட்டிக்கொண்டது.

படி 5: ஒரு வாசனை, ஒரே ஒரு வாசனை

இப்போது மூக்குக்கு வருவோம். பத்து வாசனைகளைப் பட்டியல் போட முயல வேண்டாம். ஒரு ஜோடியில் ஒரு வாசனையை மட்டும் தேடுங்கள். நமக்கு மிக எளிதாகப் பிடிபடுவது மிளகு.

2008-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஷிராஸ் ஒயினில் வரும் மிளகு வாசனைக்குக் காரணமான பொருளைக் கண்டுபிடித்தார்கள். ரொட்டண்டோன் என்று பெயர். மிளகில் மிளகு வாசனையைத் தருவதும் இதே மூலக்கூறுதான். ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் 16 நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரியும். ஆனால் அந்தச் சோதனையில் பங்கேற்றவர்களில் ஐந்தில் ஒருவருக்கு, அளவைப் பல மடங்கு கூட்டியும் அது தெரியவே இல்லை. ஆகவே மேசையில் ஒருவர் "மிளகு" என்று சொல்ல, உங்களுக்கு ஒன்றும் வராவிட்டால் உங்கள் கவனத்தில் குறை தேட வேண்டாம். பிறவியிலேயே அப்படி இருக்கலாம்.

இத்தாலியத் திராட்சைகளில் ரொட்டண்டோன் நிறைந்தவற்றில் ஒன்று ஸ்கியோப்பெத்தீனோ. வடகிழக்கே ஃப்ரியூலி பகுதியில், ஸ்லோவேனிய எல்லையை ஒட்டிய ப்ரெபோத்தோ என்ற சிற்றூரே அதன் வீடு. 1970-களில் அது ஏறக்குறைய அழிந்துவிட்டது. அனுமதிக்கப்பட்ட ரகங்களின் பட்டியலிலேயே இல்லாததால் அதை நடுவதும் விதிக்குப் புறம்பு. ரோங்கி தி சல்லா பண்ணையின் பாவ்லோ, தீனா ரபுட்சி தம்பதி, அங்கங்கே தப்பிப் பிழைத்திருந்த கொடிகளைத் தேடிப்பிடித்துத் தங்கள் நிலத்தில் நட்டார்கள். கிராப்பா என்ற சாராயம் காய்ச்சும் நொனீனோ குடும்பம் 1975-ல் ஒரு பரிசை நிறுவியது. ஃப்ரியூலியின் அழியும் ரகங்களைக் காப்பவர்களுக்கான பரிசு அது. அந்தப் பரிசு ரபுட்சி குடும்பத்துக்கு வந்தது, ஊர் பேசியது, சட்டமும் பின்னர் வழிவிட்டது. சட்டம் தடுத்தும் ஒரு குடும்பம் ஒரு கொடிக்காக நின்றிருக்கிறது என்பது எனக்கு ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் மனதில் வரும்.

இதற்கு ஜோடி, அதே ஃப்ரியூலியின் ரெஃபோஸ்கோ. இரண்டும் கருஞ்சிவப்பு, இரண்டிலும் நல்ல புளிப்பு. செய்முறை இதுதான். நாலு மிளகை இடித்து ஒரு சிறு டப்பாவில் மூடி வையுங்கள். முதலில் ரெஃபோஸ்கோவை முகருங்கள்: கரும்பழங்கள், கொஞ்சம் பச்சிலை. பிறகு டப்பாவைத் திறந்து மிளகை ஒரு முறை முகர்ந்துவிட்டு, அரை நிமிடம் பொறுத்து, ஸ்கியோப்பெத்தீனோ. பழத்துக்குப் பின்னால் அதே மிளகு நிற்கும். அது காரம் அல்ல, வாசனைதான். நாக்கில் எரிச்சல் எதுவும் இருக்காது. மிளகின் எரிப்புக்குக் காரணம் பைப்பரின் என்ற வேறு பொருள்; அது ஒயினில் இல்லை.

மிளகு பழகிய பிறகு ரோஜா. பியெமோந்தே பகுதியில் ரூக்கே, மார்க்கே பகுதியில் லாக்ரிமா. இரண்டும் சிவப்பு, இரண்டிலும் பூவாசனை தூக்கலாக இருக்கும், ஆனால் ஊர்கள் நாட்டின் வெவ்வேறு பக்கம். ரூக்கேயை மீட்டவர் ஒரு பாதிரியார். 1960-களில் காஸ்தஞ்யோலே மொன்ஃபெர்ராத்தோ ஊர்த் தேவாலயத்துக்கு வந்த தோன் ஜாக்கொமோ கௌதா, தேவாலய நிலத்தில் நின்ற பழைய கொடிகளைப் பார்த்து, தாமே டிராக்டர் ஓட்டி அந்தத் தோட்டத்தை உயிர்ப்பித்தார். 1987-ல் டிஓசி, 2010-ல் டிஓசிஜி. லாக்ரிமாவுக்கோ தோல் மெல்லியது. பழுக்கும்போது வெடித்துச் சாறு சொட்டும். இரண்டையும் முகர்ந்தால் ரோஜா பொது. வாயில் வைத்தால் ரூக்கேயில் துவர்ப்பு தெரியும், லாக்ரிமா மென்மையாக இறங்கும்.

முகரும்போது ஈர அட்டைப்பெட்டி, பூட்டிக்கிடந்த அறையின் பூஞ்சை வாடை வந்தால் அது திராட்சையின் குணம் அல்ல. கார்க்கிலிருந்து வரும் கெடுதல் அது. எவ்வளவு நேரம் வைத்தாலும் போகாது. வாங்கிய இடத்தில் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். தீக்குச்சி உரசிய நெடியோ லேசான முட்டை வாடையோ வந்தால் அவசரப்படாமல் கிளாஸைச் சுழற்றிக் கால் மணி நேரம் விடுங்கள், பெரும்பாலும் கலைந்துவிடும்.

படி 6: நேரம் கொடுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த ஜோடி இதுதான், அதனால் சற்று நின்று சொல்கிறேன். பியெமோந்தேயின் தென்கிழக்கு மூலையில் அலெஸ்ஸாந்த்ரியா மாவட்டம். அங்கே காவி என்ற ஊர், கோர்தேஸே திராட்சையில் செய்யும் வெள்ளை ஒயினுக்குப் புகழ்பெற்றது. அதே மாவட்டத்தில் தோர்தோனா நகரைச் சுற்றிய குன்றுகளில் திமொராசோ என்ற இன்னொரு வெள்ளைத் திராட்சை. சைக்கிள் வீரர் ஃபாவுஸ்தோ கோப்பி பிறந்த குன்றுகள் அவை. திமொராசோ சீராகப் பழுக்காது, காய்கள் உதிரும், விளைச்சல் குறைவு. கோர்தேஸே நம்பிக்கையாகக் காய்த்ததால் விவசாயிகள் அதற்கு மாறினார்கள். 1980-களின் இறுதியில் மொன்லெயாலே ஊரைச் சேர்ந்த வால்தெர் மாஸ்ஸா, மிச்சமிருந்த திமொராசோவைத் தனியாக நொதிக்கவைத்துப் பார்த்தார். இன்று பரோலோவின் பெயர்பெற்ற பண்ணைகள் பலவும் இந்தக் குன்றுகளில் நிலம் வாங்கியிருக்கின்றன. லேபிளில் "தெர்தோனா" என்று இருந்தால் இந்த வட்டாரத்துத் திமொராசோ.

இரண்டையும் பிரிட்ஜிலிருந்து ஒரே நேரத்தில் எடுத்து ஊற்றுங்கள். முதல் பத்து நிமிடம் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி: எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள், கூர்மை. காவிதான் நன்றாக இருக்கிறது என்றுகூடத் தோன்றும். இருபது நிமிடம் கழித்துத் திரும்பி வாருங்கள். காவி இருந்த இடத்திலேயே இருக்கும். சற்றுத் தளர்ந்தும் இருக்கலாம். திமொராசோ திறக்கத் தொடங்கியிருக்கும்: பழுத்த பேரிக்காய், காய்ந்த மூலிகை, தேன். வாயில் கனம் கூடியிருக்கும், துப்பிய பிறகும் உப்புச் சாயலோடு நீண்ட நேரம் நிற்கும். மீதியைக் கார்க்கால் மூடி பிரிட்ஜில் வைத்து மறுநாள் சுவையுங்கள். மறுநாள் திமொராசோ முதல் நாளைவிட நன்றாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆறேழு வயதான பாட்டில் கிடைத்தால் ஜெர்மானிய ரீஸ்லிங்கில் வருவது போல் மண்ணெண்ணெய்ச் சாயல் ஒன்று எழும். கெட்டுப்போனது என்று கீழே ஊற்றிவிடாதீர்கள். பிரியர்கள் காத்திருப்பதே அதற்காகத்தான்.

இதே பொறுமையைக் கேட்கும் இன்னொரு ஜோடி காம்பானியாவில் இருக்கிறது: ஃபியானோ தி அவெல்லினோவும் கிரேக்கோ தி தூஃபோவும். அடுத்தடுத்த மலையூர்கள், இரண்டும் 2003-ல் டிஓசிஜி ஆனவை. போருக்குப் பின் மற்றவர்கள் அதிகம் காய்க்கும் ரகங்களுக்குத் தாவியபோது மாஸ்த்ரோபெரார்தீனோ குடும்பம் இவற்றை விடாமல் நட்டது. ஃபியானோவில் வறுத்த பருப்புகளின் வாசனை. கிரேக்கோ வெள்ளை ஒயினாக இருந்தும் ஈற்றைத் தொடும்.

செய்முறை மாறினால் என்ன ஆகும் என்று பார்க்க ரிபொல்லா ஜல்லா. ஸ்லோவேனிய எல்லையில் ஒஸ்லாவியா என்ற குன்றூரில் வெள்ளைத் திராட்சையைத் தோலோடு சேர்த்து வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட ஊறவைக்கிறார்கள். யோஷ்கோ கிராவ்னர் அதற்காக ஜார்ஜியா நாட்டின் களிமண் தாழிகளை வரவழைத்து மண்ணில் புதைத்தார். ஒயின் ஆரஞ்சு நிறத்தில், சிவப்பு போலத் துவர்ப்போடு வரும். தோல் நீக்கிச் செய்த சாதாரண ரிபொல்லாவைப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே திராட்சை என்று நம்புவது கடினம். தொடக்கத்திலேயே இதற்கு வர வேண்டாம். ஐந்தாறு ஜோடிகள் முடிந்த பிறகு வாருங்கள்.

படி 7: குறிப்பு எழுதுங்கள், உணவோடு மறுபடி சுவையுங்கள்

ஒரு ஜோடிக்கு மூன்று வரி போதும். புளிப்பு எதில் அதிகம், துவர்ப்பு எதில் அதிகம், எது நீண்ட நேரம் நின்றது. நான்காவதாக ஒரு வாசனை, வந்தால் மட்டும். ஐரோப்பிய நூல்களில் வரும் கூஸ்பெர்ரி, காசிஸ் என்ற சொற்களைக் கடன்வாங்க வேண்டாம். நாவல், மாதுளை, கொடுக்காப்புளி, காய்ந்த வேப்பம்பூ என்று உங்களுக்கு வருவதை எழுதுங்கள். நாளை படித்தால் உங்களுக்குப் புரிய வேண்டும், அவ்வளவே. முடிந்தால் பாட்டில்களைத் தாளில் சுற்றி, வேறொருவரை ஊற்றச் சொல்லுங்கள். விலையும் பெயரும் தெரியாதபோது தீர்ப்பு மாறும்.

பிறகு சாப்பாடு. இந்த ஒயின்கள் தனியாக அருந்துவதற்காக உருவானவை அல்ல. பக்கத்து அடுப்பில் வேகும் உணவோடு வளர்ந்தவை. சோர்பாராவின் புளிப்பு தனியாகக் குடிக்கும்போது மிகையாகத் தோன்றும். மோதெனாவின் கொழுப்பு மிகுந்த உணவுக்கு நடுவே அதுவே வாயைக் கழுவிவிடுகிறது. சிசிலிக்குப் போனால் எட்னா எரிமலைச் சரிவின் நெரெல்லோ மஸ்கலேஸேயும், தீவின் தெற்கே வித்தோரியாவின் ஃப்ரப்பாத்தோவும் ஒரு ஜோடி. முன்னது மெல்லிய நிறத்தில் இறுக்கமான துவர்ப்பு, பின்னது ஸ்ட்ராபெர்ரி வாசனையோடு இலகு. கத்தானியா நகரின் பாஸ்தா அல்லா நோர்மாவோடு இரண்டையும் சுவைத்துப் பாருங்கள். பொரித்த கத்தரிக்காய், தக்காளி, உப்பிட்ட ரிக்கோத்தா சேர்ந்தது அது. பலெர்மோவில் வாழும் ஈழத்தமிழர்களுக்கு இவை உள்ளூர்ச் சரக்கே. சைவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: பார்மிஜானோ ரெஜ்ஜானோ உட்பட இத்தாலியின் பல மரபான பாலாடைக்கட்டிகளில் பாலை உறையவைக்க, கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். கடையில் கேட்டு வாங்குங்கள்.

படி 8: விளையும் இடத்துக்குப் போங்கள்

இத்தாலிக்குப் போகிற வாய்ப்பு இருந்தால் மே மாதக் கடைசி வார இறுதியைப் பாருங்கள். கந்தீனே அபெர்தே என்ற பெயரில் நாடெங்கும் ஒயின் பண்ணைகள் வாசலைத் திறந்துவைக்கும் நாட்கள் அவை, 1993-லிருந்து நடக்கிறது. மற்ற நாட்களில் முன்கூட்டியே தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ சொல்லிவிட்டுப் போங்கள். அரிய ரகங்களை வளர்ப்பவை பெரும்பாலும் சிறு குடும்பப் பண்ணைகள். கதவைத் திறப்பவரே தோட்டத்தில் கிளை வெட்டுபவர், பாட்டிலில் நிரப்புபவர், கணக்கு எழுதுபவர். மதியம் ஒரு மணிக்குப் போய் நிற்காதீர்கள். அது சாப்பாட்டு வேளை. செப்டம்பரில் அறுவடை மும்முரம், உங்களுக்கு நேரம் ஒதுக்க அவர்களால் முடியாது.

போனதும் ஆக விலையுயர்ந்ததைக் கேட்க வேண்டாம். அவருடைய சாதாரண பாட்டிலையும், அதே ஒயினின் பழைய ஆண்டு ஒன்றையும் சேர்த்துச் சுவைக்க முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் மகிழ்ந்து எடுத்து வருவார்கள். இந்தக் கொடி எப்போது நட்டது, பக்கத்தில் வேறென்ன விளைகிறது, வீட்டில் இதோடு என்ன சாப்பிடுவீர்கள் என்ற கேள்விகளுக்கு நீண்ட பதில் கிடைக்கும். சுவைத்த பிறகு ஒன்றிரண்டு பாட்டில்களாவது வாங்குவது மரியாதை.

பாட்டிலைக் கைப்பையில் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். துணி சுற்றிப் பெரிய பெட்டியின் நடுவில் வையுங்கள். இந்தியா திரும்பும் பெரியவர் ஒருவர் 2 லிட்டர் வரை மதுவைச் சுங்கத்தீர்வை இல்லாமல் கொண்டுவரலாம். வீடு வந்ததும் அன்றே திறக்காமல், வெயில் படாத குளிர்ந்த இடத்தில் ஒரு வாரமாவது படுக்கவைத்துவிட்டுப் பிறகு எடுங்கள்.